ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் தலைசுற்றல், மாத்திரையைக் குறைத்ததும் வலிப்பு: எங்கே பிழை?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 29. கணக்குப் பிரிவில் வேலை. வலிப்புக்காக நான்கு ஆண்டுகளாக கார்பமாசெபின் 400 மி.கி. காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறார். ஸ்கேனில் மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு ஃபிட்ஸ்கூட வரவில்லை. சென்ற மாதம் இருமல் விடாமல் இருக்கவே, வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏழு நாட்களுக்கு எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் திரையில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நடந்தால் தள்ளாட்டம், வாந்தி. “நாலு வருஷமா சாப்பிடற மாத்திரை இப்பதான் வேலையைக் காட்டுது” என்று அம்மா சொல்ல, ஐந்தாம் நாள் வாசகி தானாகவே வலிப்பு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு மூன்று நாளில் எல்லாம் சரியானது. பாதி அளவே போதும்போல என்று அப்படியே தொடர்ந்தார். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரம் கழித்து, காலையில் பல் துலக்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். கணவர் வாயைத் திறக்க முயன்று விரலில் கடி வாங்கினார்.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பாதி அளவா, முழு அளவா? பக்க விளைவே இல்லாத மருந்துக்கு மாறலாம் என்கிறார் கணவர். அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும், அதனால் மொத்தமாக நிறுத்திவிடு என்கிறார் அம்மா. இதற்கிடையில் ஓராண்டாகக் கருத்தடை மாத்திரை எடுப்பதை வாசகி தன் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லவில்லை. “அது வேறு விஷயம்தானே என்று நினைத்தேன். எனக்கு மூளையே மழுங்கிவிட்டது போல இருக்கிறது, டாக்டர். கூட வேலை செய்பவர்கள் பெயரே சட்டென்று வருவதில்லை” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமான விஷயம். மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே உங்கள் நரம்பியல் மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்து, “ஆன்டிபயாடிக் எடுத்தேன், மாத்திரையைப் பாதியாக்கினேன், மூன்று ஆண்டுக்குப் பிறகு ஃபிட்ஸ் வந்துவிட்டது” என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பச் சொல்வார். ஆனால் எப்படி, எத்தனை நாளில் என்பதை அவர் சொல்ல வேண்டும். கடிதத்தை மட்டும் படித்த நான் சொல்லக்கூடாது. போனில் கிடைக்கவில்லையா, அருகிலுள்ள மருத்துவமனையில் வேறு மருத்துவரையாவது பார்த்துவிடுங்கள். நீங்களாக இன்னொரு முறை கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். “எனக்கு ஒத்துக்கொண்டிருந்த மருந்து திடீரென்று விஷமாகிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து மாறவில்லை. அளவும் மாறவில்லை. அது உடம்பை விட்டு வெளியேறும் வழி அடைபட்டது, அவ்வளவுதான்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கீழே துளை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை மட்டம் ஒரே அளவில் நிற்கும். நீங்கள் விழுங்கும் மாத்திரைதான் குழாய். கீழே உள்ள துளை, கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. கார்பமாசெபினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அதுதான். கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். எரித்ரோமைசினும் அப்படியே. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும், காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட்டும்கூட இந்த வேலையைச் செய்யக்கூடியவை. துளை அடைபட்டால் குழாயைத் திருகாமலே மட்டம் ஏறும். ரத்தத்தில் கார்பமாசெபின் பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அதைத் தாண்டும்போது இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் வரும். நீங்கள் எழுதிய அறிகுறிகள் அப்படியே பாடப்புத்தகத்தில் உள்ளவை.

அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யாததால் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நாட்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன. இப்படி நொதியை முடக்கும் மருந்துகள் இரண்டு மூன்று நாளிலேயே வேலையைக் காட்டிவிடும். நிறுத்தினால் விளைவும் சில நாட்களிலேயே விலகிவிடும். இங்கேதான் நீங்கள் ஏமாந்தீர்கள். ஐந்தாம் நாள் குறைத்தீர்கள். ஏழாம் நாள் ஆன்டிபயாடிக் முடிந்தது. தலைசுற்றல் போனதும், பாதி அளவுதான் தனக்குச் சரியான அளவு என்று தோன்றியது. உண்மையில் அதற்குள் நொதி மீண்டும் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. துளை திறந்தாயிற்று, குழாயோ பாதி திருகியபடி. மட்டம் இறங்கி இறங்கி, ஒரு வாரத்தில் வலிப்பைத் தடுக்கும் அளவுக்குக் கீழே போயிருக்கும்.

ஐந்தாம் நாள் குறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதில் தவறில்லை. மருத்துவரே பார்த்திருந்தால் தற்காலிகமாகக் குறைத்திருக்கலாம், அல்லது ஆன்டிபயாடிக்கை மாற்றியிருக்கலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசின் இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை, அமாக்ஸிசிலினும் அப்படித்தான். குறைத்ததை எப்போது பழைய அளவுக்குக் கொண்டுபோவது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் சிக்கல். எழுதிக்கொடுத்த மருத்துவர், “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் மாதம் முழுக்கத் தூக்கமாக வந்தது, அப்புறம் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதே நொதியின் வேலைதான். கார்பமாசெபினுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: தன்னை வெளியேற்றும் நொதியைத் தானே வளர்த்துவிடும். ஆரம்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 25 முதல் 65 மணி நேரம் ஆகும். சில வாரம் தொடர்ந்து எடுத்தபிறகு 12 முதல் 17 மணி நேரமே போதும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். அடுத்த விஷயத்துக்கு இதுதான் அடிப்படை.

கருத்தடை மாத்திரை வேறு விஷயம் அல்ல

கார்பமாசெபின் வளர்த்துவிடும் அந்த நொதி கார்பமாசெபினோடு நிற்பதில்லை. கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களையும் வேகமாகச் சிதைத்துத் தள்ளும். அதாவது நீங்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் எடுத்தாலும், மாத்திரை முழுப் பாதுகாப்பு தராது. மாதத்தின் நடுவே அவ்வப்போது திட்டுத்திட்டாக ரத்தம் படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை அழுத்தம் என்று நினைத்தீர்கள். ஹார்மோன் அளவு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அப்படிப் படாதவர்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எனவே, முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. மருந்து பற்றி எந்த முடிவெடுக்கவும் அந்தத் தகவல் வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும்வரை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் காயில் (காப்பர்-டி), ஹார்மோன் காயில், மூன்று மாத ஊசி ஆகிய மூன்றும் இந்த நொதியால் பாதிக்கப்படுவதில்லை. அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பதால் ஊசி உங்களுக்குப் பொருந்தாது. நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். காயில் எடுத்த உடனே கருத்தரிக்கலாம். இப்போதைக்குக் கையோடு ஆணுறையும் இருக்கட்டும். அவசர கருத்தடை மாத்திரையும் இதே காரணத்தால் வலுவிழக்கும்; அப்படி ஒரு தேவை வந்தால், வலிப்பு மாத்திரை எடுப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் போன்ற வேறு வலிப்பு மருந்துகள் எடுக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். டோபிராமேட் நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் போனாலும் இந்தச் சிக்கல் தொடங்கும். இந்த மருந்துகளை எழுதும்போதே கருத்தடை பற்றிக் கேட்பது எங்கள் கடமை. கூச்சமோ நேரமின்மையோ, பல சமயம் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

“பக்க விளைவே இல்லாத மருந்து”

உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு தொல்லை. யாருக்கு எதைத் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

லெவெட்டிராசெட்டம் பற்றி எங்கோ படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. மற்ற மருந்துகளோடு மோதுவது மிகக் குறைவு, கருத்தடை மாத்திரையையும் தொடாது. அது பெரிய வசதி. ஆனால் சிலருக்கு எரிச்சல், தொட்டதற்கெல்லாம் கோபம், மனச்சோர்வு வரும். கல்லூரி நாட்களில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்தைத் தரவே கூடாது என்பதற்காக அல்ல. தந்தால் முதல் சில மாதம் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொரு வாய்ப்பு லாமோட்ரிஜின். மனநிலைக்கு நல்லது, மந்தம் குறைவு. ஆனால் பல வாரங்கள் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. அவசரப்பட்டால் தோலில் தடிப்பு வரும் ஆபத்து கூடும். கார்பமாசெபின் உடம்பில் இருக்கும்வரை லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றும். கார்பமாசெபினைக் குறைக்கக் குறைக்க லாமோட்ரிஜின் அளவு தானாக ஏறும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தாலோ நேர்மாறு: அது லாமோட்ரிஜினை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும். லாமோட்ரிஜின் விஷயத்தில் கருத்தடை மாத்திரையின் கதை தலைகீழாகிறது. அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன், லாமோட்ரிஜின் அளவை ஏறக்குறைய பாதியாக இறக்கிவிடும். மாதந்தோறும் கருத்தடை மாத்திரையை இடைநிறுத்தும் அந்த ஒரு வாரத்தில் லாமோட்ரிஜின் அளவு மீண்டும் ஏறும். கார்பமாசெபின் எடுத்தபோது கருத்தடை தோற்கும். லாமோட்ரிஜின் எடுக்கும்போது வலிப்புத் தடுப்பு தோற்கும். ஆகவே வலிப்பு மருந்தை மாற்றுவதாக இருந்தால் கருத்தடை முறையையும் அதே உட்காரலில் பேசி முடிக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஒரு வலிப்பை வைத்து “கார்பமாசெபின் தோற்றுவிட்டது” என்று முடிவு கட்ட மாட்டேன். முழு அளவில் மூன்று ஆண்டு அது உங்களைக் காத்திருக்கிறது. மாற்றுவதற்கு நல்ல காரணம் வேறு இருக்கிறது: குழந்தை.

அம்மா சொல்வது பற்றி

குழந்தைக்காக மருந்தை நிறுத்துவது என்பது கேட்க நல்ல தியாகம் போலத் தோன்றும். நடைமுறையில் அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தானது. கர்ப்ப காலத்தில் பெரிய வலிப்பு வந்தால் விழுந்து அடிபடலாம், குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வலிப்பே வராதவர்களிடம் மெதுவாக நிறுத்துவது பற்றிப் பேசுவதுண்டு; அதுவும் பல மாதங்களில் படிப்படியாக. உங்களுக்கு ஸ்கேனில் தழும்பு இருக்கிறது, அளவு குறைந்ததுமே வலிப்பு வந்துவிட்டது. இவை இரண்டும் இப்போதைக்கு நிறுத்தாதே என்றே சொல்கின்றன.

அம்மாவின் பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. எந்த மருந்தும் எடுக்காத பெண்களிடமே 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறை இருக்கும். லாமோட்ரிஜினும் லெவெட்டிராசெட்டமும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கின்றன. கார்பமாசெபினில் கொஞ்சம் கூடுதல். அளவு கூடக் கூட அதுவும் கூடும். உண்மையாகவே பயப்பட வேண்டியது வால்ப்ரோயேட்: 100-ல் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல். எனவே மாற்றும்போது யாராவது வால்ப்ரோயேட்டைப் பரிந்துரைத்தால், குழந்தைத் திட்டத்தைச் சொல்லி, ஏன் அதுதான் வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய நேரம் இப்போது. கர்ப்பம் உறுதியான பிறகு மருந்தை மாற்றப் போனால் பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கும். குழந்தையின் உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. ஒரு மருந்தை ஏற்றி, இன்னொன்றை இறக்கி, புதியது வலிப்பைக் கட்டுப்படுத்துகிறதா என்று பார்க்கவே பல மாதம் வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். உங்களுக்கு வழக்கத்தைவிட அதிக அளவு எழுதலாம். தாய்ப்பால் பற்றி இப்போதே கவலை வேண்டாம். கார்பமாசெபின், லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் ஆகிய மூன்றிலும் பெரும்பாலோர் தாய்ப்பால் கொடுக்கலாம்.

மூளை மழுங்கிவிட்டதா?

மழுங்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் மந்தம் கற்பனையும் அல்ல. கார்பமாசெபின் சிலரிடம் சிந்தனை வேகத்தைக் குறைக்கும். அளவைச் சரிசெய்தால், மருந்தை மாற்றினால் அது பெரும்பாலும் திரும்பும். அதற்குள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ரத்தத்தில் சோடியம். கார்பமாசெபின் அதைக் குறைக்கக்கூடியது. 135-க்குக் கீழே போகப் போகத் தலைவலி, சோர்வு, குழப்பம் எல்லாம் வரும், மிகவும் குறைந்தால் அதுவே வலிப்பையும் கொண்டுவரும். உங்களுக்கு அடிக்கடி தலைவலியும் இருப்பதால் இதைச் சோதிக்காமல் விடக்கூடாது. இரண்டு, மந்தம் எப்போது வருகிறது என்ற கணக்கு. ஒரு வாரம் மாத்திரை எடுத்த நேரம், கண் மங்கிய நேரம், பெயர் மறந்த நேரம் என்று போனிலேயே குறித்துவையுங்கள். மாத்திரை போட்டுச் சில மணி நேரத்தில் மட்டும் வந்து போனால், அளவைக் குறைக்காமலே மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிச் சமாளிக்கலாம். அந்த வகையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க இருந்தால் தூக்கம், மனச்சோர்வு, மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் உள்ள அந்தத் தழும்பு என்று வேறு காரணங்களையும் தேட வேண்டும். அந்தப் பகுதி நினைவாற்றலோடு நேரடித் தொடர்புடையது. எல்லாப் பழியும் மாத்திரையின் மேல் விழவேண்டியதில்லை.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னால், காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் வரும் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

மருந்துக்கடையில் நிற்கும்போது

தலைவலிக்கு பாராசிட்டமால் சொன்ன அளவுக்குள் எடுக்கலாம். டிராமடால் கலந்த வலி மாத்திரை வேண்டாம், வலிப்பைத் தூண்டக்கூடியது. தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளிலும் கவனம். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக்குகளும், மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடவும் தரும் புப்ரோபியானும் வலிப்பைத் தூண்டும் பட்டியலில் உண்டு. கிரேப்ஃப்ரூட் சாறு கிளாரித்ரோமைசின் செய்த அதே வேலையைச் செய்யும். மூலிகை என்று எழுதியிருப்பதாலேயே ஒரு பொருள் கல்லீரலைத் தொடாது என்றில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இதே நொதியை வளர்த்துவிடும்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எனக்கே மனப்பாடம் இல்லை. சந்தேகம் வந்தால் பார்த்துத்தான் எழுதுகிறேன். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவர் உட்பட யார் எதை எழுதினாலும் “இது கூட ஒத்துப்போகுமா?” என்று காட்டிக் கேளுங்கள். புதிய மருந்தைத் தொடங்கும்போது மட்டுமல்ல, முடிக்கும்போதும் கேளுங்கள். கம்பெனி மாற்றித் தந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: புதிய மருந்து தொடங்கி முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, எந்தக் கட்டத்திலும் கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் உடம்பில் ரத்தக் கட்டு, தன்னை முடித்துக்கொள்ளும் எண்ணம்.

கடைசியாக, உங்கள் கணவருக்கு. வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், பற்களைப் பிரிக்க வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது பொய். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உங்கள் மனைவி வண்டி ஓட்டக்கூடாது. குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளிக்கட்டும். கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் உங்கள் விரலையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மனிதப் பல்லின் கடி எளிதில் சீழ் பிடிக்கும்.